சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்: ஊர்ப் பள்ளிகளின் வரலாற்றைத் திரட்டும் முறை

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் நூற்றாண்டு விழா நெருங்கும்போதுதான் வருகிறது. விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மலர்க் குழு கூடும். வாழ்த்துரைகள், நன்கொடையாளர் படங்கள், தலைமையாசிரியர் பெயர்ப் பட்டியல், கடை விளம்பரங்கள் என்று மலர் நிறைந்துவிடும். பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டது, முதல் பத்தாண்டில் எத்தனை பெண் பிள்ளைகள் வந்தார்கள், சேரிப் பிள்ளைகள் எந்த ஆண்டில் உள்ளே வந்தார்கள், ஐந்தாம் வகுப்பை எட்டாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு அதில் விடை இருக்காது. விடை ஊரிலேயே இருக்கிறது. தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியவர்களின் நினைவில் இருக்கிறது. பழைய டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது.

இந்த அத்தியாயம் அந்த விடைகளைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கானது. முன்னாள் மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், ஊர்ப்புற நூலகர், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் என்று நாலைந்து பேர் சேர்ந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். பெரிய பணம் தேவையில்லை. பொறுமை தேவை, தெளிவான கையெழுத்து தேவை. யாருடைய கதையைக் கேட்காமல் விட்டோம் என்று அடிக்கடி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கமும் தேவை.

தள்ளிப்போடக் கூடாத வேலை இது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் தமிழகம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் உயிருக்கு முன்னால் எந்தக் கட்டடமும் பெரிதல்ல, இடித்தது சரிதான். ஆனால் இடிக்கும் முன் வாசல் சுவரில் பதித்த திறப்பு விழாக் கல்லையும், நிலம் கொடுத்தவர் பெயர் வெட்டிய பலகைக் கல்லையும் பெயர்த்து வைக்க யாராவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். மாணவர் சேர்க்கையே இல்லாமல் போன அரசுப் பள்ளிகள் சிலவற்றை 2019இல் நூலகங்களாக மாற்ற அரசு உத்தரவிட்டது. அப்படி மூடப்படும் பள்ளியின் பதிவேடுகள் பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம். எங்கே போயின என்பதை அன்றே எழுதிவைக்காவிட்டால் பத்தாண்டு கழித்துக் கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஒரே பள்ளி, பல பெயர்கள்

முதல் வேலை, உங்கள் பள்ளி எந்தெந்தக் காலத்தில் எந்தெந்தப் பெயரில் இருந்தது என்று கண்டுபிடிப்பது. ஊரில் தாத்தா "போர்டு ஸ்கூல்" என்பார். மகன் "யூனியன் ஸ்கூல்" என்பார். பேத்தி "கவர்ன்மென்ட் ஸ்கூல்" என்பாள். மூவரும் படித்தது ஒரே வளாகத்தில்தான். பெயர் தெரியாவிட்டால் ஆவணக் காப்பகத்தில் எந்தக் கட்டைக் கேட்பது என்றே உங்களுக்குத் தெரியாது.

பொதுவான வரிசை இப்படிப் போகும். 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்தில் தாலுகா போர்டுகளும் ஜில்லா போர்டுகளும் பள்ளி நடத்தின. தாலுகா போர்டுகள் 1934இல் கலைக்கப்பட்டன. பள்ளிகள் ஜில்லா போர்டு வசம் போயின. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தால் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்துக்கு வந்தன. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்ற பெயர்ப்பலகை மட்டும் இன்றுவரை பல ஊர்களில் நிற்கிறது.

இந்த வரிசைக்குள் அடங்காத பள்ளிகளும் உண்டு. அவற்றைத்தான் ஊர் வரலாறுகள் அதிகம் தவறவிடுகின்றன. ஒரே வாத்தியார் தன் வீட்டுத் திண்ணையிலோ கீற்றுக் கொட்டகையிலோ தொடங்கி, பின்னால் அரசு உதவித் தொகை பெற்ற பள்ளி. மிஷன் பள்ளி. வணிகர்கள் பொது நிதிக்குச் செலுத்திய மகமைப் பணத்தில் நடந்த பள்ளி. விருதுநகரில் நாடார்கள் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 1920களில் லேபர் கமிஷனர் அலுவலகம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் திறந்த பள்ளிகளை "லேபர் ஸ்கூல்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று ஆனவற்றில் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உண்டு. ஒரு நடுத்தரமான ஊரில்கூட இந்த வகைகளில் இரண்டு மூன்று பக்கம் பக்கமாக இருந்திருக்கும். ஊர்த் தெருவின் பள்ளியை மட்டும் "எங்கள் ஊர்ப் பள்ளி" என்று எழுதி, காலனிப் பள்ளியை ஒரு வரியில் முடிக்கும் புத்தகத்தை வரலாறு என்று நான் ஏற்கமாட்டேன். ஊரில் இருந்த எல்லாப் பள்ளிகளுக்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள். மாலை வேளையில் அரிக்கேன் விளக்கில் நடந்த இரவுப் பாடசாலைக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

எங்கள் பள்ளி ஐந்நூறு ஆண்டுப் பழமையானது என்று நிறுவும் ஆசை சிலருக்கு வரும். திண்ணைப் பள்ளிகள் பரவலாக இருந்தது உண்மை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாக 1826இல் தொகுத்துச் சொன்னார். கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகளை வரலாற்றாய்வாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில் படிக்கலாம். எந்தெந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் படித்தார்கள், பெண்கள் எவ்வளவு குறைவு என்பதும் அவற்றில் தெரியும். ஆனால் அது ஜில்லாவாரிக் கணக்கு. அதை வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் இருந்த திண்ணைக்கு வயது சொல்ல முடியாது. ஆதாரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே உங்கள் வரலாற்றைத் தொடங்குங்கள். அதற்கு முந்தியதை "சொல்லக் கேட்டது" என்ற தலைப்பில் தனியாக எழுதுங்கள்.

சேர்க்கைப் பதிவேடு

பள்ளியில் இருக்கும் தாள்களிலேயே மிக முக்கியமானது இது. வருகைப் பதிவேடுகள் சில ஆண்டுகளில் கழிக்கப்பட்டுவிடும்; சேர்க்கைப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் மற்ற எல்லாம் போன பள்ளியிலும் இது மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், சாதி, சேர்ந்த நாள், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், விலகிய காரணம் என்று பத்தி பத்தியாக ஓடும்.

பார்க்க அனுமதி வாங்குவதை முறையாகச் செய்யுங்கள். தலைமையாசிரியர் உங்கள் தம்பியாகவே இருந்தாலும் சரி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதி, என்ன பார்க்கிறீர்கள், எதற்காக, யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். பதிவேட்டை ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். பிறந்த தேதிச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் இன்றும் மக்கள் இதைத் தேடி வருகிறார்கள். அது காணாமல் போனால் ஒரு குடும்பத்தின் ஓய்வூதியமே சிக்கலாகலாம். பள்ளியிலேயே, வகுப்பு முடிந்த பின்னர், ஆசிரியர் ஒருவர் உடனிருக்கப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் முதல் பக்கத்தின் சேர்க்கை எண்ணைப் பாருங்கள். இருப்பதிலேயே பழைய பதிவேடு 412 என்ற எண்ணில் தொடங்கினால், அதற்கு முந்திய 411 பிள்ளைகள் தொலைந்துபோன ஒரு தொகுதியில் இருக்கிறார்கள் என்று பொருள். ஆண்டுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பள்ளி தொடங்கிய காலத்தை ஏறக்குறைய ஊகிக்கலாம். ஊகம் என்று எழுதியே அதைச் சொல்லுங்கள். நிர்வாகம் மாறியபோது எண்ணை ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியதும் உண்டு. பழைய பதிவேடு நைந்துபோய், வேறொரு ஆசிரியர் புதிதில் பெயர்த்து எழுதியதும் உண்டு. பல ஆண்டுப் பதிவுகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் அது பிற்காலப் படி.

பிறந்த தேதிகளை அப்படியே நம்பாதீர்கள். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. சேர்க்கும் நாளில் ஐந்து நிறைந்திருக்கும்படி ஆசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஒரு வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருந்தால் காரணம் இதுதான். வயது ஆராய்ச்சிக்கு அந்தப் பத்தி உதவாது. சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகிய இரண்டும் நம்பத் தகுந்தவை.

இனி கணக்கு எடுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். தனியாளாகச் செய்தால் வரி தாண்டும். ஒவ்வோர் ஆண்டுக்கும் சேர்ந்த ஆண்கள், பெண்கள், எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர், எந்தக் குக்கிராமத்திலிருந்து வந்தார்கள், பெற்றோர் தொழில் என்ன, எந்த வகுப்பில் விலகினார்கள் என்று எழுதிக்கொண்டே போங்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு இப்படிச் செய்தபின் அந்தத் தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். ஊர் அதில் தெரியும். பெண்கள் வரிசை ஓரிடத்தில் திடீரென்று நீளும். அந்த ஆண்டு ஊருக்கு முதல் ஆசிரியை வந்திருக்கலாம். 1956க்குப் பின் சேர்க்கை கூடியிருந்தால் காமராசர் காலத்து மதிய உணவை எண்ணிப் பார்க்கலாம். பண்ணையாள் பிள்ளைகள் இரண்டாம் வகுப்போடு நின்றது அறுவடை மாதங்களில் என்பதும் தெரியும். விலகிய காரணப் பத்தியில் "நீண்ட நாள் வராமை" என்று வரிசையாக இருக்கும். அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடிப்போய்ப் பேச வேண்டிய முதல் ஆட்கள் அவர்கள்தான்.

எழுத்தைப் படிப்பதில் இளையவர்களுக்குத் தடை வரலாம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதப்பட்டவற்றில் பழைய ணை, லை, னை, றா, னா வடிவங்கள் வரும். தமிழ் எண்களும் தமிழ் மாதங்களும் வரலாம். அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயரில் ஆண்டு குறித்திருந்தால், எடுத்துக்காட்டாகப் பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றில் எது என்று சூழலை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். நிலப் பத்திரங்களில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1360 என்பது 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை.

ஓர் எச்சரிக்கை. சாதிப் பத்தி உள்ள பக்கங்களின் படத்தை விழா மேடையில் காட்டாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், புத்தகத்தில் அச்சிடாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். ஒருவர் எந்த வகுப்பில் நின்றார் என்பதைக்கூட அவர் சம்மதமின்றிப் பெயரோடு எழுதக் கூடாது. பேரப்பிள்ளைகள் முன் ஒருவரைக் கூசவைத்துவிட்டு வரலாறு எழுத வேண்டியதில்லை.

அலமாரியிலும் வீடுகளிலும் இருப்பவை

சேர்க்கைப் பதிவேட்டோடு பார்வையாளர் புத்தகம், ஆய்வுக் குறிப்பேடு, சம்பளப் பட்டியல், இருப்புப் பதிவேடு இவற்றையும் கேளுங்கள். டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து எழுதிப்போன குறிப்புகளில் கூரை ஒழுகியதும் பிள்ளைகள் எண்ணிக்கையும் கரும்பலகை இல்லாததும் இருக்கும். இருப்புப் பதிவேடு சலிப்பூட்டுவதாகத் தோன்றும். ஆனால் எந்த ஆண்டில் முதல் நாற்காலி, முதல் உலக வரைபடம், முதல் பெஞ்சு வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

வீடுகளில் தேட வேண்டியவற்றில் நான் முதலில் சொல்வது துண்டு நோட்டீசுகளை. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் நிலம், கட்டடம், கடிகாரம், தண்ணீர்ப் பானை, பெஞ்சு, சீருடைத் துணி என்று கொடுத்தார்கள். யார் என்ன கொடுத்தார் என்ற பட்டியல் நோட்டீசாக அச்சானது. ஒரு பானை கொடுத்த கூலிக்காரர் பெயரும் நிலம் கொடுத்த மிராசுதார் பெயரும் ஒரே தாளில் வந்த ஆவணம் வேறு அதிகம் கிடையாது. சுந்தரவடிவேலுவின் தன்வரலாறான "நினைவு அலைகள்" அந்தக் காலத்தை அறிய உதவும். உங்கள் குழுவில் ஒருவராவது அதைப் படித்துவிட்டு வர வேண்டும்.

குழுப் படங்களுக்கு ஆண்டு கண்டுபிடிக்கப் பின்னணியைப் பாருங்கள். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கிய பிறகுதான் பல பள்ளிகளில் சத்துணவுக் கூடம் எழுந்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலையில் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள். படத்தில் கீற்றுக் கொட்டகை இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஓட்டுக் கட்டடத்தின் ஓட்டில் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்ற முத்திரையைப் பார்த்துவிட்டுக் கட்டடமே 1865இல் கட்டியது என்று எழுதிவிடாதீர்கள். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதே முத்திரையோடு பல பத்தாண்டுகள் ஓடுகள் விற்றன.

பொருள்களையும் விட்டுவிடாதீர்கள். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, சாய்வு மேசை, எழுத்தாணி, மரப்பெட்டி எதுவானாலும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். யாரிடம் இருக்கிறது, எப்படி வந்தது என்று எழுதுங்கள். உடைமையாளர் கொடுக்க விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். படமும் குறிப்பும் போதும்.

பேச்சைக் கேட்பது

பதிவேட்டில் பெயர் இருக்கும், குரல் இருக்காது. யார் முதலில் என்றால் வயதில் மூத்தவர், உடல் நலிந்தவர். தலைவரையும் நன்கொடையாளரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கைபேசியே போதும். அழைப்பு வராமல் விமானப் பயன்முறையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, பேசுபவருக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். தொடக்கத்தில் நாள், ஊர், யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று நீங்களே சொல்லிப் பதியுங்கள். வீட்டார் சுற்றி உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கத் தொடங்கினால் பேச்சு அவர்களுடையதாகிவிடும். "அவங்களே சொல்லட்டும்மா" என்று பணிவாகச் சொல்லலாம். பெண்களிடம் பெண்களே கேட்பது நல்லது. மாமியார், கணவர் இல்லாத நேரத்தில் கேட்டால் ஏன் நிறுத்தினார்கள் என்ற பேச்சு வரும். வயசுக்கு வந்ததும் நிறுத்தியது, தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தியது, தீப்பெட்டிக் கட்டை அடுக்கப் போனது எல்லாம் அப்போதுதான் வரும்.

"உங்க பள்ளி அனுபவத்தைச் சொல்லுங்க" என்று தொடங்காதீர்கள். ஒருவரும் சொல்லமாட்டார்கள். "எங்க உக்காருவீங்க? மணலா, பலகையா? எதுல எழுதுவீங்க? தண்ணி எங்க குடிப்பீங்க? மத்தியானம் என்ன சாப்பாடு? வாத்தியார் எந்த ஊரு, எங்க தங்கியிருந்தாரு, அவருக்குச் சாப்பாடு யார் வீட்டுல?" என்று பொருளையும் இடத்தையும் பிடித்துப் போங்கள். மிக மூத்தவர்களிடம் அவர்கள் பெற்றோர் சொன்ன திண்ணைப் பள்ளிக் கதையைக் கேட்கலாம்: அமாவாசை, பௌர்ணமி வாவு விடுமுறை, சட்டாம்பிள்ளை, எண்சுவடி, அறுவடையில் வாத்தியாருக்கு நெல் அளந்தது, மகாநவமிக்குப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடிக் காசு வாங்கியது. அறுபதுகளில் படித்தவர்களிடம் கேர் என்ற தொண்டு நிறுவனம் அனுப்பிய பால்பவுடரையும் கோதுமையையும் பற்றிக் கேளுங்கள். அந்த மணம் முதற்கொண்டு சொல்வார்கள்.

ஆண்டு நினைவில்லாதவரிடம் ஆண்டைக் கேட்டு நெருக்க வேண்டாம். ஊரறிந்த நிகழ்ச்சியைப் பிடியுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு ஆகியவற்றின்போது எந்த வகுப்பில் இருந்தீர்கள் என்று கேட்டால் கணக்குத் தானாக வரும். எண்பது வயதை நெருங்கியவர்களிடமும் தாண்டியவர்களிடமும் அரை நாள் பள்ளிக்கூடம் பற்றி அவசியம் கேளுங்கள். ராஜாஜி ஆட்சியில் 1953 ஜூனில் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகலாம் என்று கொண்டுவந்த திட்டம் அது. குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. மேடைப் பேச்சிலும் ஏட்டிலும் அதைப் பற்றி நிறைய உண்டு. அந்த ஓராண்டில் உங்கள் ஊர்ப் பிள்ளை மீதி நேரத்தில் என்ன செய்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதை நேரில் சொல்லக்கூடியவர்கள் இன்று மிகக் குறைவு.

சாதி பற்றிய பேச்சைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. அக்கிரகாரத்திலோ கோவில் வளாகத்திலோ இருந்ததால் சில பிள்ளைகள் நுழைய முடியாத பொதுப் பள்ளிகள் இருந்தன. தனிப் பானை, தனி வரிசை, எட்ட நின்று அடித்த வாத்தியார் ஆகியவை நினைவில் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இடத்துக்கே போய், அவர்கள் தெருவில் உட்கார்ந்து, நேரம் கொடுத்துக் கேளுங்கள். குழுவில் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவர் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது மரியாதை அல்ல. சொன்னதை மெருகேற்றாமல் வையுங்கள். ஊர் மானம் போகும் என்று யாராவது சொன்னால், அச்சில் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளலாம். பதிவை அழிக்கக் கூடாது.

ஆசிரியர்களோடு நிறுத்திவிட வேண்டாம். சத்துணவு அமைப்பாளர், சமையல் செய்தவர், ஆயா, பள்ளியைக் கூட்டிய பெண், வாசலில் நெல்லிக்காயும் மாங்காய்ப் பத்தையும் விற்ற கிழவி ஆகியோரின் கண்ணில் பட்டது வாத்தியார் கண்ணில் பட்டிருக்காது.

பேசி முடித்ததும் எளிய தமிழில் எழுதிய சம்மதத் தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பெயரைப் போடலாமா, ஒலியைப் பிறர் கேட்கலாமா, இத்தனை ஆண்டு கழித்துத்தான் வெளியிட வேண்டுமா என்று அவரே சொல்லட்டும். அன்று இரவே ஒரு பக்கச் சுருக்கம் எழுதிவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் யார் எந்தத் தெரு என்பது மறந்துபோகும்.

தாளைக் காப்பது

பழைய தாளுக்கு நம் ஊரில் எதிரிகள் ஈரம், கரையான், இராமபாணப் பூச்சி, பிறகு நல்லெண்ணம் கொண்ட மனிதர்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுவது, பதிவேட்டை லேமினேஷன் செய்வது, படத்தை ஆல்பத்தில் கோந்து தடவி ஒட்டுவது ஆகிய மூன்றையும் செய்யாதீர்கள். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி எழுத்தை அழிக்கும். லேமினேஷனைத் திருப்பிப் பிரிக்க முடியாது.

செய்ய வேண்டியது எளியது. மென்தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். துரு ஏறிய குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, ரப்பர் பேண்டு இவற்றை எடுத்துவிடுங்கள். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சுவரிலிருந்து விலக்கி, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணிப் பையில் போட்டு வைக்கலாம். தாளின் மேல் நேராகத் தூவ வேண்டாம். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களே எண்ணெய் பூசிச் சரிசெய்ய முயலாமல், சுவடி பாதுகாக்கும் நூலகம் ஒன்றைக் கேட்டுச் செய்யுங்கள். மழையில் நனைந்த பதிவேட்டை வெயிலில் போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், சில பக்கங்களுக்கு ஒரு அச்சடிக்காத வெள்ளைத்தாள் வைத்து, ஈரம் ஏறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்காதீர்கள். படங்களின் பின்புறம் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள்.

படியெடுக்கும்போது பிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்துக்கு நேர் மேலே கைபேசியைப் பிடித்து எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் பதிவேட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, புகைப்படத்துக்கு 600. மேலட்டையில் தொடங்கி வெற்றுப் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பள்ளி, பதிவேட்டின் வகை, ஆண்டு, பக்க எண் என்ற ஒரே ஒழுங்கு இருக்கட்டும். மூன்று படிகள் வையுங்கள். ஒன்று ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். கைபேசியில் மட்டும் இருக்கும் பதிவு, கைபேசி தொலையும் நாள்வரைதான்.

ஊருக்கு வெளியே தேடுதல்

பள்ளி இடத்தின் கதைக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் பாருங்கள். தானப் பத்திரம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடல் மனு கொடுத்து நகல் பெறலாம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கல்வித் துறை, உள்ளாட்சித் துறை, லேபர் கமிஷனர் அலுவலகம் ஆகியவற்றின் ஆணைகளும் ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன. முன்பு சொன்ன பெயர் வரிசை இங்கேதான் கைகொடுக்கும்: 1934க்கு முன் என்றால் தாலுகா போர்டு, பின் என்றால் ஜில்லா போர்டு என்று தெரிந்து கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மிஷன் பள்ளியானால் அந்தந்தத் திருமண்டல அலுவலகத்திலும், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகத்திலும் விசாரியுங்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் தேர்ந்தெடுத்த கிராமங்களுக்குத் தனித்தனி ஆய்வு நூல்கள் வந்தன. பள்ளி பற்றிய செய்திகளும் அவற்றில் உண்டு. பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட நூலில் வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் விரிவாக வருகின்றன. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் மறுபடியும் அந்த ஊர்களுக்குப் போனார்கள். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால் நூறாண்டை ஒப்பிடும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

எழுதும்போது ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள்: பதிவேடா, கல்வெட்டா, பேச்சா. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஊர்ப் பெரிய மனிதர் கேட்டார் என்பதற்காகத் தொடங்கிய ஆண்டை மாற்றாதீர்கள். தலைமையாசிரியர் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் பக்கங்கள் பிள்ளைகளுக்கு உரியவை.

படிகளைப் பள்ளியிலும், கிளை நூலகத்திலும், மாவட்ட மைய நூலகத்திலும் ஒப்புகை பெற்றுக் கொடுங்கள். நோட்டீசு, மலர், பழைய பாடநூல் போன்ற அச்சுப் பொருள்களைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் காட்டிக் கேட்கலாம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் ஒருவர் பிறர் தூக்கியெறிந்த தாள்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததில் பிறந்தது அந்த நூலகம். உங்கள் பரணில் கிடக்கும் நோட்டீசு எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும் எடைக்குப் போடும் முன் அவரை நினையுங்கள்.

புத்தகம் அச்சாகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவர்களில் வயதில் மூத்த பெண்மணி யார் என்று விசாரியுங்கள். அவர் ஒன்றாம் வகுப்போடு நின்றவராக இருந்தால் இன்னும் நல்லது. கைபேசியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.